எடை ஏறுவது தீபாவளி அன்று அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டிகைக்கு வீட்டைத் திறந்து எல்லாருக்கும் விருந்து வைக்கும் பொது உபசரிப்புகளால் எடை கூடுவது பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை, 'அளவோடு சாப்பிடுங்கள்' என்பதோடு நின்றுவிட்டது. எது அளவு, எடை எங்கே ஏறுகிறது என்று விளக்கினால்தான் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்க்காரர்களுக்குப் பயன்படும்.

தீபாவளி அன்று வயிறாரச் சாப்பிடுவதால் மட்டும் யாரும் பருத்துவிடுவதில்லை. மறுநாள் தராசு ஒரு கிலோ கூடக் காட்டினால், பெரும்பாலும் அது உப்பும் சோறும் பிடித்து வைத்த நீர். சில நாளில் இறங்கிவிடும். உண்மையான எடை ஏறுவது பிறகு வரும் மூன்று நான்கு வாரங்களில், வரவேற்பறை மேசையில் திறந்தபடி கிடக்கும் பலகார டின்களால்தான். ஐந்து சிறிய முறுக்கு ஏறக்குறைய 50 கிராம், 250 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் அதைக் கரைக்க ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே அது ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. டின்களை மூடி அலமாரிக்குள் வையுங்கள். விருந்தினர் வந்தால் தட்டில் எடுத்து வைத்தால் போதும்.

அமெரிக்காவில் 195 பேரைக் கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்தில் சராசரியாக 0.37 கிலோதான் கூடியிருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அது இறங்கவில்லை. நமக்கோ தீபாவளி முடிந்தால் கிறிஸ்மஸ், பொங்கல், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள். இறங்க இடைவெளியே இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், நூற்றுக்கணக்கான ரப்பர் மரம் சீவி, பால் சுமந்த தலைமுறை சாப்பிட்ட சோற்றளவையே இன்று காரிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பரிமாறுகிறோம்.

சாப்பாட்டைவிடப் பானத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். லேபிளில் 100 மில்லிக்கு 10 கிராம் சீனி என்றிருந்தால், 320 மில்லி டின்னில் 32 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி. ரோஸ் சிரப்பில் கட்டிப்பால் ஊற்றினால் ஒரு மேசைக்கரண்டிக்கு இன்னும் 60 கலோரிக்கு மேல் சேரும். ஒரு நாளில் நான்கு வீடு போகிறவர் நான்கு கிளாஸ் குடிக்கிறார், வயிறும் நிறைவதில்லை. வீட்டுக்காரர்கள் மேசையின் முன்பக்கம் குளிர்ந்த தண்ணீரையும் சீனி போடாத தேநீரையும் வைத்து, சிரப்பைப் பின்னால் தள்ளினாலே பாதி வேலை முடிந்தது.

சமையலுக்கு வருவோம். எண்ணெய் சரியாகக் காயாமல் முறுக்கைப் போட்டாலோ, சட்டி நிறைய ஒரே நேரத்தில் போட்டுச் சூட்டை இறக்கினாலோ, அது வேக நேரமாகும், எண்ணெயும் குடிக்கும். 170 முதல் 180 டிகிரி சரியான சூடு. முறுக்கு எண்ணெயை அதிகம் இழுப்பது சட்டியைவிட்டு எடுத்து ஆறும்போதுதான். அதனால் கரண்டியைச் சட்டிமேலேயே நன்றாக உதறி, சூடு தணியுமுன் கம்பித்தட்டில் பரப்புங்கள். ஆட்டிறைச்சிக் குழம்பை முதல் நாளே சமைத்து, ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால், காலையில் கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும். அகப்பையால் வழித்தெடுங்கள். எடுக்கும் ஒவ்வொரு மேசைக்கரண்டியும் ஏறக்குறைய 120 கலோரி. ருசி குறையாது, மசாலா ஊறி இன்னும் நன்றாக இருக்கும்.

சுகாதார அமைச்சு மலாயில் 'சுக்கு சுக்கு செபாரோ' (கால், கால், அரை) என்று சொல்லும் முறை, தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு இறைச்சி அல்லது மீன், அரைப் பங்கு காய்கறியும் பழமும். நல்ல வழிதான். ஆனால் பல வீட்டு மேசைகளில் காய்கறியே இருப்பதில்லையே! நெய்ச்சோறு, பிரட்டல், வறுவலோடு முட்டைக்கோஸ் பொரியல், வெள்ளரிப் பச்சடி, பப்பாளித் துண்டு இருந்தால்தானே எடுக்க முடியும்? 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா, அண்ணே' என்ற அன்பை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒருமுறை கேட்டு, வேண்டாமென்றால் விட்டுவிடுவோம்.

எடை பார்ப்பதும் உதவும். வாரம் இரண்டு முறையாவது, காலையில் சாப்பிடுமுன், அதே தராசில் பாருங்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கிறிஸ்மஸ் காலத்தில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எடை பார்த்து, உணவு பற்றிய குறிப்புகளையும் பின்பற்றியவர்களுக்கு எடை கூடவில்லை. மற்றவர்களுக்குக் கூடியது.

விருந்துக்கு இடம் விட வேண்டுமென்று காலைப் பசியாறலைத் தவிர்ப்பவர்கள், மதியம் பசியோடு போய் இரட்டிப்பாகச் சாப்பிட்டுவிடுகிறார்கள். இரண்டு இட்லியோ ஒரு முட்டையோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் எந்த வேளையையும் தவிர்க்கவே கூடாது. இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி மயக்கம் வரலாம். விருந்து நாளில் மருந்து நேரத்தை மாற்ற வேண்டியிருந்தால், முன்கூட்டியே சுகாதார கிளினிக்கில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்