கூலிக்கு வந்த கூட்டமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் உலக அரசியல் பக்கத்தில் ஜார்ஜியாவைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, காபியை ஆற்றிக்கொண்டே புரட்டினேன். "ஐரோப்பிய யூனியன் கைவிட்ட ஆத்திரத்தில், வெளிநாட்டுக் காசுக்கு வந்த இளைஞர் கூட்டம் திபிலிசி வீதிகளில் ரகளை செய்தது" என்று ஒரு வரி. அதோடு இதழை மூடி வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படிக்க முடிந்தது.

நான் 2017 முதல் 2023 வரை ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படித்தவள். கடைசி மூன்று வருடம் சபுர்தாலோ பகுதியில் ஒரு பாட்டி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். பாட்டியை ஜார்ஜிய மொழியில் பெபியா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், அவர் என்னை "ஷ்விலோ" என்பார், பிள்ளையே என்று அர்த்தம். அந்த வீட்டில் பெபியாவும் கல்லூரியில் படிக்கும் அவருடைய பேரனும் மட்டும்தான்.

2023 மார்ச் 7-ஆம் தேதி, வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புகளைக் குறிவைத்த வெளிநாட்டு ஏஜெண்ட் மசோதா நாடாளுமன்றத்தில் முதல் கட்டத்தைத் தாண்டியது. மறுநாள் காலையில் பெபியா அலமாரியிலிருந்து ஒரு நீலப் படுக்கை விரிப்பை எடுத்தார். பழைய மஞ்சள் திரைச்சீலை ஒன்றை வெட்டினார். ஐரோப்பியக் கொடியில் பன்னிரண்டு நட்சத்திரம் வட்டமாக இருக்குமே, அந்த வட்டம் சரியாக வரச் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். தட்டு நகராமல் பிடித்துக்கொண்டது நான்தான். கடைசி நட்சத்திரத்துக்குத் துணி போதாமல் அது மட்டும் கொஞ்சம் சிறிதாகப் போய்விட்டது. அன்று இரவு அந்தக் கொடியோடு போராட்டத்துக்குப் போன பேரன், போலீஸ் தண்ணீர் பீய்ச்சியடித்ததில் நனைந்து, கண்ணீர்ப்புகையில் கண் திறக்க முடியாமல் விடிகாலையில் வந்து சேர்ந்தான். நான் சலைன் பாட்டிலை உடைத்துக் கண்ணைக் கழுவினேன். கொடியைத் துவைத்துப் பால்கனிக் கொடியில் என் வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார் பெபியா. அதற்கு ஆன செலவு ஒரு நூல்கண்டு. அதை எந்த நாடு கொடுத்தது என்று உங்கள் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 9 அன்று அரசு மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதை நான் அப்போதே உங்களுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன், நீங்கள் பிரசுரிக்கவில்லை. சரி, இடம் இருந்திருக்காது என்று இருந்துவிட்டேன். ஆனால் அதே வாரம் உங்கள் பின்னட்டையில் "ஜார்ஜியாவில் குறைந்த செலவில் எம்.பி.பி.எஸ்." என்று முழுப்பக்க விளம்பரம் வந்தது. அந்த மாதிரி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் என் அப்பா நிலத்தை அடகு வைத்து என்னை அனுப்பினார். அங்கே போய் இறங்கிய பிறகு, சொன்ன கட்டணத்துக்கு மேல் ஒரு பெருந்தொகையைக் கறந்தார்கள், அது தனிக்கதை. ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி விளம்பரம் வாங்கத் தெரிகிறது, அந்த நாட்டு மக்கள் எதற்காக நடுரோட்டில் நிற்கிறார்கள் என்று கேட்டு எழுத மட்டும் ஆள் இல்லையா? 2024 டிசம்பரில் குடௌரி என்ற மலை ஊரில் நம் நாட்டவர்கள் நச்சுவாயுவில் இறந்தபோது ஜார்ஜியாவை எழுதினீர்கள். அதே மாதத் தொடக்கத்தில் திபிலிசியில் தினமும் மண்டை உடைந்துகொண்டிருந்ததை எழுதவில்லை.

கட்டுரையில் சொன்ன "கைவிட்ட" கதைக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாததல்ல. ஜார்ஜியா 2022 மார்ச்சில் ஐரோப்பிய யூனியனில் உறுப்பினராக விண்ணப்பித்தது. 2023 டிசம்பரில் வேட்பாளர் நாடு என்ற தகுதி கிடைத்தது, ஒன்பது விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. நீதிமன்றத்தைச் சீர்திருத்து, தேர்தலை ஒழுங்காக நடத்து, மனித உரிமையைக் காப்பாற்று என்பதெல்லாம் அதில் அடக்கம். இதில் எது ஜார்ஜிய மக்களுக்கு விரோதம்? ஆட்சியில் இருந்த ஜார்ஜியக் கனவு கட்சி, ஒருமுறை கைவிட்ட அதே மசோதாவை 2024-இல் மறுபடி கொண்டுவந்து மே மாதம் நிறைவேற்றியது. ஜனாதிபதி சலோமே சுராபிஷ்விலி வீட்டோ செய்தார், மே 28 அன்று அதையும் மீறிச் சட்டமாக்கினார்கள். அதன் பிறகுதான் ஐரோப்பிய யூனியன் ஜார்ஜியாவைச் சேர்க்கும் வேலையை நிறுத்தி வைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் மக்கள் வீதிக்கு வந்தது அதற்காக அல்ல. 2024 நவம்பர் 28 அன்று பிரதமர் இராக்லி கோபாகிட்சே, 2028 இறுதிவரை உறுப்பினர் பேச்சுவார்த்தையே வேண்டாம் என்று தாமாக அறிவித்தார். அன்று இரவே கூட்டம் கூடிவிட்டது. கதவைச் சாத்தியது அவர்களுடைய சொந்த அரசு. ஐரோப்பாவோடு இணைய எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று அந்த நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு சொல்கிறது, அது எழுதப்பட்டதும் இதே கட்சியின் ஆட்சியில்தான்.

வெளிநாட்டு ஏஜெண்ட் சட்டத்தை உங்கள் கட்டுரையாளர் "வெளிப்படைத்தன்மைச் சட்டம்" என்று பாராட்டியிருக்கிறார். வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் தொண்டு நிறுவனமோ பத்திரிகையோ, தான் ஓர் அந்நிய சக்தியின் நலனுக்காக வேலை செய்வதாகத் தானே பதிந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் ஆண்டில் நான் ஒரு வேனைப் பார்த்திருக்கிறேன். போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் புது ஊசி கொடுத்து, அங்கேயே விரலில் குத்தி ஹெச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் பார்ப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கால் வைக்கக் கூசுகிறவர்கள் அந்த வேனுக்கு வருவார்கள். வெளிநாட்டு நிதியில்தான் அது ஓடியது. அந்த நர்ஸ் அந்நிய ஏஜெண்டா?

பெபியா எதிர்க்கட்சிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். 2012-இல் அப்போதைய ஜனாதிபதி சாகாஷ்விலி ஆட்சியில் சிறைக்கைதிகளைச் சித்திரவதை செய்த வீடியோக்கள் டிவியில் வந்தபோது, அதைப் பார்த்து அழுதுவிட்டு, ஜார்ஜியக் கனவுக்கே ஓட்டுப் போட்டவர். 1989 ஏப்ரல் 9 அன்று திபிலிசியின் ருஸ்தவேலி சாலையில் சோவியத் படை மண்வெட்டியாலும் விஷவாயுவாலும் தாக்கிக் கொன்ற கூட்டத்தில் இருந்து தப்பி வந்தவர். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த வயதிலும் அதைப் பற்றிப் பேசும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்காட்டுவார்.

அப்புறம், "போலீஸ் நிதானமாக நடந்துகொண்டது" என்று இன்னொரு வரி. 2024 டிசம்பரில் கைதானவர்களின் படங்களை நான் பார்த்தேன். கண்ணைச் சுற்றிய எலும்பு, மூக்கு, தாடை. ஓடும்போது விழுகிறவனுக்கு மணிக்கட்டு உடையும், முட்டி பெயரும், தினமும் கேஷுவால்டியில் பார்க்கிறேன். இத்தனை பேருக்கு முகத்திலேயே காயம் என்றால் பிடித்து வைத்து அடித்திருக்கிறார்கள். அந்த நாட்டின் மக்கள் உரிமைப் பாதுகாவலரே இதைச் சொன்னார். பேரனுக்கு அடி விழவில்லை, ரோட்டை மறித்தான் என்று 5,000 லாரி (அந்த நாட்டு நாணயம்) அபராதம் வந்தது. நம் பணத்தில் ஒன்றரை லட்சம். 2025 அக்டோபரில் அபராதமே வேண்டாம், நேராகக் காவல்தான் என்று மாற்றிவிட்டார்கள். அப்படியும் ஓராண்டு தாண்டி, ஒரு நாள் விடாமல் ருஸ்தவேலியில் ஆட்கள் நிற்கிறார்கள். கூலிக்கு வருகிறவன் ஒன்றரை லட்சம் கட்டிவிட்டு மறுநாளும் வருவானா?

நீங்களும் பத்திரிகைக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். பதுமேலெபி, நெட்கசெட்டி என்ற இரண்டு ஊடகங்களைத் தொடங்கிய ம்ஸியா அமக்லொபேலி ஒரு போலீஸ் அதிகாரியைக் கன்னத்தில் அறைந்ததற்காக 2025 ஜனவரியில் கைதாகி, ஆகஸ்டில் இரண்டு வருடத் தண்டனை பெற்றார். சிறையில் இருக்கும்போதே மனித உரிமைக்காக ஐரோப்பிய நாடாளுமன்றம் தரும் சகாரோவ் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. உங்கள் ஒன்றரைப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. முன்னாள் கால்பந்து வீரர் கவெலாஷ்விலி ஜனாதிபதியான கதைக்கு அரைப் பத்தி இருந்தது, படத்தோடு.

இருபது வருடமாக எங்கள் வீட்டுக்கு வரும் இதழ் இது, அப்பா சந்தாவை ஒரு வருடம்கூட விட்டதில்லை. அந்த உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: பேச்சுவார்த்தையை 2028 வரை தள்ளிப்போட்டது ஜார்ஜிய அரசு என்று ஒன்று, "வெளிநாட்டுக் காசுக்கு" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒன்று. கடிதம் முழுவதையும் போட இடமில்லை என்றாலும் பரவாயில்லை.

எந்த இதழில் வரும் என்று முன்கூட்டித் தெரிவித்தால் நல்லது. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பெபியாவுக்கு அனுப்ப வேண்டும். நான் அங்கிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்களை வாங்கிப் பார்த்து, எங்கள் ஜார்ஜிய எழுத்தைப் போலவே உங்கள் தமிழ் எழுத்தும் வளைந்து வளைந்து போகிறதே என்பார்.

இப்படிக்கு,
மருத்துவ வாசகி ஒருவர்,
திண்டுக்கல்