எடின்பரோவில் வழிகாட்டிய அம்மையாருக்கு நன்றி

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவின் ராயல் மைல் சாலையில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை அழைத்து, லேடி ஸ்டேர்ஸ் குளோஸ் என்னும் குறுகிய சந்துக்குள் உடன் நடந்துவந்து, எழுத்தாளர் அருங்காட்சியகத்தின் வாசல்வரை கொண்டுவிட்ட அம்மையாருக்கு, அன்று பெயரைக் கேட்டுக்கொள்ள வாய்க்காததால், இங்கே என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2004இல் யுனெஸ்கோ தனது முதல் இலக்கிய நகரமாக அறிவித்த ஊர் அது என்பதை அறிந்தே சென்றிருந்தேன். ஆனால் அருங்காட்சியகத்தை ஒட்டிய மேக்கர்ஸ் கோர்ட் முற்றத்தின் தரைக்கற்களில் ஸ்காட்லாந்து எழுத்தாளர்களின் வரிகள் பொறிக்கப்பட்டிருப்பதை அவர் குனிந்து சுட்டிக்காட்டியிராவிட்டால், பலரைப் போல நானும் அவற்றை மிதித்துக்கொண்டே உள்ளே போயிருப்பேன். அருங்காட்சியகம் இருப்பது 1622இல் கட்டப்பட்ட ஒரு வீட்டில்; அங்கே கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் எழுதுமேசையும், வால்டர் ஸ்காட்டின் நாவல்கள் அச்சான இயந்திரமும் உள்ளன; நுழைவுக் கட்டணம் கிடையாது.

“மேசையைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள், முற்றத்திலேயே அமர்ந்து நீங்களும் ஏதாவது எழுதுங்கள்” என்று அவர் சொன்னது, படம் எடுக்கும் இடங்களை மட்டுமே பட்டியலிடும் பயணக் கையேடுகள் (என்னுடையதும் அப்படித்தான்) சொல்லாத யோசனை. நெடுநாளாக நகர மறுத்த என் சிறுகதையின் அடுத்த பத்தியை அங்கேதான் எழுதினேன். கதை நூலாகும்போது, பெயரின்றியேனும், முன்னுரையில் அவரைக் குறிப்பிடுவேன்.