டாக்டரிடம் சொல்லாத குவார்ட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, அவருடைய குடிப்பழக்கத்தை வீட்டார் மறைப்பதால் வார்டில் நடக்கிற ஒரு விஷயத்தை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

போன மாசியில் என் அண்ணன் பாலக்கோடு சாலையில் பைக்கிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக இருந்தது. காலை நேரம், அன்றைக்கு ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. "குடிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டபோது அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "எப்பவாவது, கல்யாணம் காட்சின்னா உண்டு சார்" என்று சொன்னது நான்தான். உண்மையில் பதினைந்து வருஷமாகத் தினம் ஒரு குவார்ட்டர். சொன்னால் கேஸ் வேறு மாதிரி போய்விடும், இன்சூரன்ஸ் பணம் வராது என்ற பயம்.

ஸ்கேனில் சின்ன ரத்தக்கசிவு; ஆபரேஷன் தேவையில்லை என்றார்கள். முதல் நாள் நன்றாகவே பேசினார். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கியது. அவருக்குத் தொழில் புளி மண்டியில். கட்டிலில் உட்கார்ந்து போர்வையைப் பிய்த்துப் பிய்த்து, கொட்டை எடுத்து ஓரமாகப் போடுகிற மாதிரி விரல்கள் வேலை செய்துகொண்டே இருந்தன. ரத்தக்கசிவு கூடிவிட்டதோ என்று மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். மாற்றமில்லை. அன்று இரவு நர்ஸம்மா அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, "தினமும் உண்டாம்மா? உண்மையைச் சொல்லுங்க" என்றார். குடி திடீரென்று நின்றதால் வந்த நடுக்கம் அது என்று அப்புறம்தான் புரிந்து, வைத்தியம் சரியான பாதைக்கு வந்தது.

டாக்டர் பிறகு விளக்கினார். மூளை, உடம்பு எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்கிறது. அதற்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். தலையில் பலமாக அடிபட்டால் முதலில் அதை வேகமாக எரிக்கும், பிறகு பல நாட்களுக்கு மந்தமாகிவிடும். நாள்படக் குடித்தவருக்கு இதில் இரண்டு சிக்கல். கல்லீரல் சாராயத்தை அசிடேட் என்ற பொருளாக மாற்றி அனுப்ப, மூளை அதையும் எரிக்கப் பழகியிருக்கும். படுக்கையில் அது திடீரென்று நின்றுபோகிறது. இரண்டாவது, குளுக்கோஸை எரிக்க வைட்டமின் பி1 வேண்டும். குடி அதைக் குடலில் சேர விடாது; சோறும் ஒழுங்காக இறங்கியிருக்காது. பி1 போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து மூளையே நிரந்தரமாகக் கெடலாம். நாங்களோ "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சார், தெம்பு வரும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம்!

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நம் மாநிலத்தில் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் குடி நின்றதால் வரும் பிதற்றல், கடைசியாகக் குடித்ததிலிருந்து இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள், 'கண்டம் தாண்டிவிட்டது' என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில்தான் தலைகாட்டுகிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிகளில் விபத்துப் பிரிவு வாசலில் ஒரு பலகை வைக்கச் சொல்லி எழுதுங்கள்: 'தினமும் குடிப்பவரா? டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து மாறும்.' 'காலணிகளை வெளியே விடவும்' என்பதை எழுதியிருக்கிற அளவு பெரிய எழுத்தில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரிமங்கலம்.