பச்சை மைக் கையெழுத்து செல்லுமா, ஐயா?

மாண்பமை உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதியரசர்கள் அவர்களுக்கு,

வணக்கம். ராதாபுரம் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2016 சட்டமன்றத் தேர்தலில் 49 வாக்கு வித்தியாசத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை ஜெயித்ததும், தோற்ற தி.மு.க.வின் அப்பாவு வழக்குப் போட்டதும் உங்கள் கட்டுகளிலேயே இருக்கிறது. அந்தக் கட்டின் ஏதோ ஒரு மூலையில் நானும் இருக்கிறேனோ என்ற சந்தேகத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் திசையன்விளை பஸ் ஸ்டாண்டில் என்னிடம் படித்த பையன் ஒருவனைப் பார்த்தேன். பையன் என்ன பையன், அவனே இப்போது வாத்தியார், முன்மண்டையில் முடி இல்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "சார், ஒங்க கையெழுத்து செல்லுமா செல்லாதான்னு கோர்ட்ல முடிவாயிட்டா?" என்று கேட்டான். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறுத்தியது.

நான் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2016 மே மாதம், வெயில் மண்டையைப் பிளந்த நாட்களில், எலக்ஷன் டியூட்டி போட்ட ஆசிரியர்கள் ஒவ்வொருவராக என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். தபால் வாக்கோடு வைக்கும் உறுதிமொழிப் படிவத்தில், படிவம் 13ஏ, கெஜட்டட் அதிகாரி ஒருவர் சான்றொப்பம் போட வேண்டும். நான் முகத்தைப் பார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து, பச்சை மைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பையும் குத்தினேன். ஸ்டாம்ப் மை காயட்டும் என்று ஒரு டீச்சர் படிவத்தை முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. வேறு ஊர் வாக்குச்சாவடிக்குப் போகிற அவசரத்திலும், தன் ஓட்டு வீணாகிவிடக் கூடாது என்று அந்த அம்மாவுக்கு அவ்வளவு கவனம்.

எண்ணிக்கை அன்று 203 தபால் வாக்குகளைத் தள்ளிவிட்டார்கள். சான்றொப்பம் போட்டவர்கள் அதற்கு உரிய அதிகாரிகள் இல்லையாம். அந்த 203-இல் என் கையெழுத்து எத்தனை, அந்த டீச்சரின் ஓட்டு அதில் உண்டா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. முப்பது வருடம் என் கையெழுத்தைக் காட்டிப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் வாங்கினார்கள், வங்கிக் கணக்குத் தொடங்கினார்கள். ஓட்டுக்கு மட்டும் அது ஆகாமல் போயிற்று.

சரி, தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கத்தானே நீதிமன்றம் இருக்கிறது. கண்டும் பிடித்தீர்கள். 2019 அக்டோபர் 1 அன்று, அந்தத் தபால் வாக்குகளையும் 19, 20, 21-ஆம் சுற்று எந்திர வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொன்னது உயர் நீதிமன்றம். 4-ஆம் தேதி நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட அன்றைக்கே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எண்ணி முடித்த எண்ணிக்கை உறைக்குள்ளேயே இருக்க, 2021 மே மாதம் பதவிக்காலமே முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலில் அப்பாவு ஜெயித்துச் சபாநாயகராகவும் ஆகிவிட்டார். 2016-இல் ஜெயித்தது யார் என்று அந்த ஐந்து வருடத்துக்குள் எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. இவர்தான் ஜெயித்திருக்க வேண்டும், அவர் கூடாது என்று நான் வாதாட வரவில்லை. நான் எந்தக் கட்சிக்கும் கொடி பிடித்தவன் இல்லை. எங்களுக்காகச் சட்டசபையில் உட்கார்ந்தவர் எங்கள் ஆள்தானா என்பதை, அவர் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தை ஓய்வில் வாசித்துப் பார்த்தேன். தோற்றவர் மனுப் போட 45 நாள் கெடு. நாற்பத்தாறாம் நாள் போனால் கதவு சாத்தியாயிற்று, எந்தக் காரணமும் எடுபடாது. நீதிமன்றம் விசாரித்து முடிக்க ஆறு மாதம். அங்கே மட்டும் வாசகம் இளகிவிடுகிறது, "முடிக்க முயல வேண்டும்" என்கிறது. முடிந்தவரை நாள் தவறாமல் விசாரிக்க வேண்டும் என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு மணி, வாத்தியாருக்கு ஒரு மணி என்று வைத்தால் ஊர் விட்டுவைக்குமா? இந்திரா காந்தியின் 1971 தேர்தல் மீதான வழக்கில் அலகாபாத் தீர்ப்பு 1975 ஜூன் 12-இல்தான் வந்தது. பிரதமர் வழக்குக்கே நாலு வருடம் என்றால் ராதாபுரம் எந்த மூலைக்கு என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லைதான்.

பத்தாம் வகுப்பில் மறுகூட்டலுக்குப் பணம் கட்டுகிற பிள்ளைக்குச் சில வாரத்தில் மார்க் வந்துவிடுகிறது. பிளஸ் ஒன் முடித்து, காலேஜும் முடித்த பிறகு "உனக்கு நாலு மார்க் கூடுதல், வேறு குரூப் கிடைத்திருக்கும்" என்று சொன்னால் அந்தப் பிள்ளை எங்கே போய் உட்காரும்? இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும், அதுவரை அந்த உறுப்பினர் சபையில் செய்தது எல்லாம் செல்லுமாம், சட்டத்திலேயே இருக்கிறது. நாட்டில் எல்லாமே செல்லும் போலிருக்கிறது, என் பச்சை மையைத் தவிர.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். உங்கள் முன் எத்தனை வழக்குகள் குவிந்து கிடக்கின்றன என்று தெரியும். எங்கள் தெருவிலேயே அப்பன் தொடுத்த வரப்பு வழக்குக்கு மகன் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். ஆனால் வரப்பு அங்கேயே கிடக்கும், ஐயா. பதவிக்காலம் கிடக்காது. அதனால் பணிந்து கேட்கிறேன்: தேர்தல் மனுக்களுக்கென்று நீதிபதிகளை ஒதுக்கி, அந்த ஆறு மாதமும் வேறு வேலை கொடுக்காமல் விடுங்கள். மறு எண்ணிக்கைக்குத் தடை கொடுக்க நேர்ந்தால், அந்தத் தடை எந்தத் தேதியோடு முடியும் என்பதையும் உத்தரவிலேயே எழுதுங்கள். எந்தத் தீர்ப்பானாலும் பதவிக்காலம் முடியும் முன் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பி.கு.: ஓய்வு பெற்றுவிட்டதால் நீல மையில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.