மின்னஞ்சலுக்கும் ஒரு வரிசை எண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்தில் பத்து வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பட்டா நகல், முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் என்று நாள் ஓடும். சில வருடங்களுக்கு முன், கரையில் எங்கே என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று வகுக்கும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடம் வெளியானது. கருத்துகளை மின்னஞ்சலிலும் அனுப்பலாம் என்று அறிவித்திருந்தார்கள். அக்கம்பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆட்கள் கடைக்கு வந்தார்கள். கரைவலை இழுக்கும் இடம் வரைபடத்தில் இல்லை, நாட்டுப்படகு ஏற்றி வைக்கும் கரை இல்லை, கருவாடு காயப்போடும் மணல் இல்லை. இத்தனைக்கும் 2011-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே மீனவர் ஊர்களையும் மீன் காயவைக்கும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லியிருந்தது.

ஒவ்வொருவரும் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து 34 கடிதங்கள் அனுப்பினேன். கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர், கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் எந்தக் கரையில் காயவைக்கிறோம், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று அரைமணி நேரம் சொன்னார். அனுப்பி முடித்ததும் கேட்டார்: "போய்ச் சேந்துருச்சா தம்பி? சீட்டு எதுவும் தரமாட்டாங்களா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தால் எண் போட்ட சீட்டு கிடைக்கும். இந்த 34 கடிதங்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. மாதங்கள் கழித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். மொத்தம் எத்தனை கடிதம் வந்தது, எங்களுடையது அதில் இருக்கிறதா, அவற்றின் மேல் என்ன முடிவெடுத்தீர்கள் என்ற மூன்று கேள்விக்கும் சேர்த்து, "வரப்பெற்ற கருத்துகள் பரிசீலிக்கப்படுகின்றன" என்று ஒரு வரி வந்தது.

பெரிய திட்டங்களுக்கு நேரில் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இப்படி இல்லை. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். மக்கள் சொன்னதைக் கூட்டத்தின் முடிவில் அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். என்ன பிரச்சினை எழுப்பினார்கள், திட்டக்காரர் என்ன பதில் சொன்னார் என்று எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும். நடைமுறையில் எத்தனை ஓட்டை இருந்தாலும், பந்தலில் மைக்கைப் பிடித்துப் பேசியதற்கு ஒரு பதிவு இருக்கிறது. நாளைக்கு வழக்கு என்று போனால் அந்தத் தாளைக் காட்டலாம்.

ஆனால் கூட்டமே இல்லாத விஷயங்கள் கூடிக்கொண்டே போகின்றன. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு 2020 ஜனவரியில் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். 2025-இல் நம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி தரப்பட்டது நமக்குச் செய்தித்தாள் மூலம்தான் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே மாநில அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. திட்டம் வரும்போது பேச இடமில்லை என்றால், விதியை எழுதும்போதாவது பேச வேண்டும். அதற்கு எங்களுக்குக் கைக்கெட்டும் வாசல் அந்த மின்னஞ்சல் முகவரிதான்.

அந்த வாசலும் எல்லோருக்கும் திறக்கவில்லை. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் புதிய வரைவு வந்தது. ஊரடங்கு நேரம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டார்கள். அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும், ஆகஸ்ட் 11 வரை அவகாசம் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. பல லட்சம் பேர் எழுதினார்கள். அவர்கள் எழுதியதும் அதற்கான பதிலும் ஒரே இடத்தில் எனக்குப் படிக்கக் கிடைத்ததில்லை.

முடியாத காரியமா இது? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனக்கு வரும் கருத்துகளைத் தன் இணையதளத்திலேயே வெளியிடுகிறது. அதிலும் ஒரு தவறு நடந்தது. எல்லா இணையதளத்தையும் நிறுவனங்கள் பாகுபாடில்லாமல் தர வேண்டும் என்ற இணையச் சமநிலை விவகாரத்தில் 2015 ஏப்ரலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை, அனுப்பியவர் முகவரிகளோடு அப்படியே போட்டுவிட்டார்கள். அதனால் கருத்தை வெளியிடட்டும், முகவரியையும் கைபேசி எண்ணையும் மறைக்கட்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கடலுக்குப் போகிறவர், தன் பெயர் வெளியே தெரிந்தால் எழுதவே மாட்டார்.

போலிக் கடிதம் குவியும் என்பார்கள். குவியும்தான். அமெரிக்காவில் 2017-இல் இதே இணையச் சமநிலை விதிக்கு வந்த 2 கோடியே 20 லட்சம் கருத்துகளில் சுமார் 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் 2021-இல் அறிக்கை கொடுத்தார். பிராட்பேண்ட் நிறுவனங்கள் பணம் கொடுத்துக் குவித்தவையும் அதில் உண்டு. ஆனால் கருத்துகள் பொதுப் பதிவில் இருந்ததால்தானே தோண்டி எடுக்க முடிந்தது? கள்ள ஓட்டு விழுகிறது என்று யாரும் தேர்தலை நிறுத்துவதில்லை. அப்புறம், கருத்துக் கேட்பது ஓட்டு எண்ணுவதும் அல்ல. ஒரே வாசகத்தில் வந்த ஆயிரம் கடிதத்துக்கு ஒரு பதில் போதும். எந்தக் கரையில் பாசி காய்கிறது என்று எழுதிய ஒரு கடிதத்துக்குத் தனியாகப் பதில் வேண்டும்.

நான் கேட்பது புதிய சட்டம்கூட இல்லை. வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசே கொள்கை வகுத்தது. அதை மீறினால் கேட்பாரில்லை, அவ்வளவுதான். ஆகவே அதை விதியாக்குங்கள். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் எண் கொடுத்து, அந்த வரைவின் கோப்பிலேயே சேருங்கள். முடிவு அறிவிக்கும்போது எதை ஏற்றீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள் என்று தமிழிலும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களிடம் குரல் பதிவாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அனுப்பிய 34 கடிதங்களையும் தேதி, நேரத்தோடு அச்செடுத்துக் கடையில் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். 1 முதல் 34 வரை பேனாவால் நானே எண் போட்டிருக்கிறேன். அந்த அக்காவுடையது 17. அதிகாரிகள் யாராவது கேட்டால், ஜெராக்ஸ் எடுத்து அன்றைக்கே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடம் வாசகர்,
ராமநாதபுரம் மாவட்டம்.