பப்ளிக் ஸ்கூலிலிருந்து (இங்குள்ள அரசுப் பள்ளி) வந்த அந்தப் படிவம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த வாரம் வீட்டுப்பாடத்தைப் பற்றி எழுதவில்லை. போன ஞாயிறு நம் தமிழ் வகுப்பு முடிந்ததும் பார்க்கிங்கில் நான்கைந்து பேர் என்னை நிறுத்தி ஒரே விஷயத்தைக் கேட்டீர்கள். "டீச்சர், பையனோட ஸ்கூல்ல இருந்து ஒரு ஃபார்ம் வந்திருக்கு. அப்பா எங்க வேலை பார்க்கிறார், அந்த இடத்தோட அட்ரஸ் என்னன்னு கேக்குறாங்க. விசா விஷயமா ஏதாவது இருக்குமோ?" ஒருவர் அதைக் குப்பையில் போட்டுவிட்டதாகவே சொன்னார். இன்னும் குப்பை வண்டி வரவில்லை என்றால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அது இம்பாக்ட் எய்ட் படிவம். தமிழில் 'பாதிப்பு உதவி' என்று சொன்னால் ஏதோ வெள்ள நிவாரணம் போல ஒலிக்கிறது. ஆனால் இது நிவாரணமும் இல்லை, தர்மமும் இல்லை. மத்திய அரசின் நிலத்துக்கு உள்ளூரில் வரி போட முடியாது. அந்த வரி இழப்புக்கு ஈடாகப் பள்ளிகளுக்கு வரும் பணம் இது.

வர்ஜீனியாவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ரியல் எஸ்டேட் வரி கட்டுகிறோம். போதாததற்கு வருஷா வருஷம் கார் டாக்ஸ் பில் வேறு வந்து வயிற்றைக் கலக்கும். பள்ளிக்கூடங்களை நடத்த நகர நிர்வாகம் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இப்படி வசூலாவதுதான். இப்போது நம் ஹாம்ப்டன் ரோட்ஸ் பகுதியின் வரைபடத்தைப் பாருங்கள். நார்ஃபோக்கில் உலகிலேயே பெரிய கடற்படைத் தளம், வர்ஜீனியா பீச்சில் ஓஷியானா விமானத் தளம், ஹாம்ப்டனில் லாங்லி விமானப்படைத் தளமும் அதை ஒட்டி நாசா ஆய்வு மையமும். இத்தனை நிலத்துக்கும் சொத்து வரி கிடையாது. தளத்துக்குள் இருக்கும் கமிசரியில் (ராணுவத்தாருக்கான மளிகைக் கடை) மளிகை வாங்கினால் விற்பனை வரி இல்லை. வேறு மாநிலத்தைச் சொந்த மாநிலமாக வைத்திருக்கும் படைவீரர் நம்மைப் போலக் கார் டாக்ஸ் கட்ட வேண்டியதும் இல்லை. நாட்டுக்காக ஊர் ஊராக மாறுகிறவர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் வகுப்பறை வேண்டும், பஸ் வேண்டும், ஆசிரியர் வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் விழும்?

ஆவடியிலோ தாம்பரத்திலோ வளர்ந்தவர்கள் உடனே கேட்பீர்கள், "அவங்களுக்குன்னு தனியா கேந்திரிய வித்யாலயா மாதிரி ஒண்ணு நடத்தக் கூடாதா?" என்று. இங்கேயும் ராணுவத் துறையே நடத்தும் பள்ளிகள் உண்டு, நம் மாநிலத்தில் குவாண்டிகோவில் இருக்கிறது. ஆனால் அவை சொற்பம். பெரும்பாலான படைவீரர்களின் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு அதே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது தளங்களைச் சுற்றியிருந்த ஊர்களில் திடீரென்று ஜனம் குவிந்து, பள்ளிகள் திணறின. அப்போதைக்கு லான்ஹம் சட்டம் என்ற ஒன்றை வைத்துச் சமாளித்தார்கள். 1950 செப்டம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டங்களால்தான் இது நிலையான ஏற்பாடானது. இன்று ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டாலர். பணம் நேராக மாவட்டப் பள்ளி நிர்வாகத்துக்குப் போகும். பெரும்பகுதியை ஆசிரியர் சம்பளம், பஸ், கரண்ட் பில் என எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம்.

எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கில்தான் தொகை வரும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே எடை கிடையாது. தளத்துக்குள் குடியிருக்கும் படைவீரரின் பிள்ளை 1. அதே படைவீரர் வெளியே வாடகைக்கு இருந்தால் 0.2. பழங்குடியினர் நிலத்தில் வாழும் பிள்ளைக்கு 1.25, இது மேற்கு மாநிலங்களில் பெரிய விஷயம். நம்மில் பலரைப் போல ஃபெடரல் (மத்திய அரசு) நிலத்தில் சிவிலியனாக வேலை பார்த்துவிட்டுச் சொந்த வீட்டுக்குத் திரும்புகிறவரின் பிள்ளைக்கு 0.05தான். இருபது பேர் சேர்ந்தால்தான் ஒரு முழுப் பிள்ளை! "இதுக்குப் போயா?" என்று நினைப்பீர்கள். ஆனால் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். படிவம் வராத பிள்ளை கணக்கிலேயே இல்லை.

கான்ட்ராக்டரும் சேர்த்திதான். சம்பளம் தருவது தனியார் கம்பெனியாக இருக்கலாம், அதைப் பற்றிக் கவலையில்லை. நீங்கள் வேலை செய்யும் நிலம் யாருடையது என்பதே கேள்வி. இங்கே நம் ஊரில் ஒரு குழப்பம் வரும். 'நார்ஃபோக் நேவல் ஷிப்யார்டு' அரசு நிலம், ஆனால் அது இருப்பது போர்ட்ஸ்மத்தில். பெயரை நம்பி முகவரியில் நார்ஃபோக் என்று எழுதிவிடாதீர்கள். நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளம் கடற்படைக்குத்தான் கப்பல் கட்டுகிறது, ஆனாலும் அது தனியார் சொத்து. தபால் நிலையம் அரசுக் கட்டடமாகத் தெரிந்தாலும் இந்தக் கணக்கில் வராது. தளத்துக் குடியிருப்பைத் தனியார் நிறுவனம் நிர்வகித்தாலும், நிலம் அரசுடையது என்றால் சேரும்.

குடியுரிமை, விசா பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. படிவத்தின் மேலே ஒரு கணக்கெடுப்பு நாள் அச்சிட்டிருக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டு எழுதும் தேதி அந்த நாளாகவோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும். போன வருஷம் நான் வந்த அன்றே சமையல் மேடையில் வைத்துச் சுறுசுறுப்பாகக் கையெழுத்திட்டு, அன்றைய தேதியும் போட்டு அனுப்பிவிட்டேன். கணக்கெடுப்பு நாளோ நான்கு நாள் கழித்து. பையன் பையிலேயே திரும்பி வந்தது, தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு. வகுப்பில் நான் போடும் வட்டம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

இந்தப் பணம் முழுசாக வருகிறதா என்றால், இல்லை. சட்டம் சொல்லும் அளவுக்கு முழுத் தொகை ஒதுக்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. பள்ளிகளுக்கான மற்ற ஃபெடரல் நிதியில் பெரும்பகுதியை முன்கூட்டியே ஒதுக்குவார்கள். இது அந்தந்த நிதியாண்டுப் பணம். அதனால்தான் 2013-ல் தானாக அமலான பட்ஜெட் வெட்டு மற்றத் திட்டங்களை அடுத்த கல்வியாண்டில் தொட்டபோது, இந்தப் பள்ளிகளை நடு வருஷத்திலேயே தொட்டது. வாஷிங்டனில் நாம் ஒன்றும் செய்ய முடியாமல் இருக்கலாம். நம் கையெழுத்து இல்லாததால் குறையும் பகுதிக்கு மட்டும் அவர்களைத் திட்ட முடியாது.

மாவட்டப் பள்ளி நிர்வாகங்கள் ஜனவரி இறுதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் உங்கள் பள்ளி அதற்கு வெகு முன்பே படிவத்தைக் கேட்கும். ஆன்லைனில் வந்தவர்கள் போனிலேயே முடித்துவிடலாம். பொருந்தாதவர்களும் 'இல்லை' என்று குறித்துத் திருப்பி அனுப்பினால், ஆபீசில் இருப்பவர்கள் மறுபடி மறுபடி போன் போடும் வேலை மிச்சம்.

வரும் ஞாயிறு 1:30 முதல் நுழைவாயில் மேசையில் இரண்டு பேனாவோடு உட்கார்ந்திருப்பேன். சந்தேகம் உள்ளவர்கள் படிவத்தைக் கொண்டு வாருங்கள். தளத்தில் வேலை பார்ப்பவர்கள் கட்டட எண்ணையும் குறித்து வாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் வகுப்பறைகளும் பப்ளிக் ஸ்கூலுடையவைதான். மழலை வகுப்பு நாற்காலிகள் போன வாரம் இடம் மாறிக் கிடந்ததாகச் சொன்னார்கள். கிளம்புமுன் போனில் எடுத்த படத்தைப் பார்த்து, அதே வரிசையில் வைத்துவிட்டுப் போங்கள்.