பொடுதலையைச் சுரண்டுவானேன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நீர்நிலைக் கரைகளை அழகுபடுத்துவதாகச் சொல்லி, ஈரப் புல்தரையில் தானாகப் படர்ந்திருக்கும் பொடுதலையைக் களையென்று சுரண்டி எறிந்துவிட்டு, விலைகொடுத்து வாங்கிய அயல்நாட்டுப் புல்லைப் பதிப்பது என்ன கணக்கோ, எனக்கு விளங்கவில்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்வதும், சில நாள் நீரில் மூழ்கினாலும் மீண்டும் துளிர்ப்பதும் இச்செடியின் இயல்பு. குனிந்து பார்த்தால், தீக்குச்சித் தலையைவிடச் சற்றே பெரிய கதிரைச் சுற்றி, 2 அல்லது 3 மி.மீ. அளவேயான வெண்பூக்கள் வளையமாக மலர்ந்திருப்பதும், அவற்றின் நடுவிலுள்ள மஞ்சள் நிறம் பூ முதிர முதிர ஊதாவாக மாறுவதும் தெரியும். தேனீக்களும் சிறு வண்ணத்துப்பூச்சிகளும் இவற்றைத் தேடி வருகின்றன. நாமோ பொடுகுத் தைலத்துக்கு மட்டும் தேடுகிறோம். புல்வெட்டும் எந்திரத்தின் கத்தியைப் பூக்கும் பருவத்திலாவது சற்று உயர்த்தி ஓட்டினால், தரையோடு ஒட்டிக் கிடக்கும் இச்செடி தப்பிவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்